காலதரும் ஒளியதரும்

சன்னலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு கட்டடக்கலை வரலாறே அவற்றுள் அடங்கியிருப்பது புலப்படும். பழைய சொல் காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லவந்த இளங்கோவடிகள், அவற்றின் காலதர்களை மானின் கண்ணோடு ஒப்பிடுகிறார். பலகணி என்பது பல கண்களை உடையது. கல்லிலும் மரத்திலும் துளையிட்டுச் செய்த தடுப்பு. சாளரம் என்பதை வலையைக் குறிக்கும் ஜாலம் என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவர். இன்று நாம் புழங்கும் ஜன்னலோ போர்த்துகீசியரின் ஜனெலா; மேசை, சாவி, அலமாரி ஆகியவற்றோடு கப்பலில் வந்திறங்கிய சொல்.

முதல் மூன்று சொற்களிலும் காற்று உண்டு, கண் உண்டு, வலை உண்டு. ஒளி இல்லை. வெயில் நாட்டில் ஒளியை யாரும் வழி வெட்டி அழைக்க வேண்டியதில்லை. அதைத் தடுப்பதே வீடு கட்டுபவனின் கவலை. ஆங்கிலத்தின் 'விண்டோ' என்ற சொல்லும் பழைய நோர்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் அவர்களுடைய குளிர், காற்றின் கண்ணைக் கண்ணாடியால் மூடச் செய்தது. காற்றை நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு ஒன்று அங்கே பிறந்தது. அதனைக் காலதருக்கு இணையாக 'ஒளியதர்' என்று அழைக்கலாம். அந்த ஒளியதரின் உச்சம் கிறித்தவப் பேராலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரம்.

அக்கலை தமிழகத்துக்கு வந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நம் கலை வரலாற்று நூல்கள் அதனை அயல்நாட்டு அலங்காரம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஒளியைப் பற்றி நம் மரபு கொண்டிருந்த எண்ணங்களோடு இக்கலை எவ்விடத்தில் உரசியது, எவ்விடத்தில் இணங்கியது என்பதைப் பார்க்காமல், இன்று இங்கே ஒரு கலைஞன் வண்ணக் கண்ணாடியில் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு விடை காண இயலாது.

*

முதலில் தொழிலின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். மணலையும் சாம்பலையும் உலையில் உருக்கும்போது சேரும் உலோகமே கண்ணாடிக்கு நிறம் தருகிறது. கோபால்ட் நீலத்தையும், மாங்கனீசு ஊதாவையும், இரும்பு பச்சையையும், செம்பு சிவப்பையும் தரும். செம்பின் சிவப்பு மிக அடர்த்தியானது; தடித்த கண்ணாடியில் அது கறுப்பாகவே தெரியும். ஆகவே நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலத்தை ஏற்றும் முறையைக் கண்டார்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலஸ் என்ற ஜெர்மானியத் துறவி கைத்தொழில்கள் குறித்து எழுதிய நூலில் இந்த வேலை முழுவதும் விவரிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளை பூசிய பலகையில் சாளரத்தின் முழு அளவில் படத்தை வரைவார்கள். அதன்மேல் கண்ணாடியை வைத்துத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். முகம், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றைக் கண்ணாடித்தூளும் உலோகத்தூளும் கலந்த கருஞ்சாந்தால் தீட்டி உலையில் சுடுவார்கள். சுட்ட துண்டுகளை ஈயப் பட்டைகளுக்கிடையே பொருத்திப் பற்றவைப்பார்கள். சாளரத்தில் நாம் காணும் கறுப்புக் கோடுகள் ஓவியனின் கோடுகள் மட்டுமல்ல, அதனைத் தாங்கும் எலும்புகளும்தான்.

இவ்வகையில், அமைக்கப்பட்ட கட்டடத்திலேயே இன்றும் இருக்கும் மிகப் பழைய சாளரங்களுள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பேராலயத்தில் உள்ள தீர்க்கதரிசிகளின் உருவங்கள் புகழ்பெற்றவை. ஆனால் கண்ணாடிக்கு ஒரு தத்துவத்தைக் கொடுத்தவர் பாரிஸ் அருகே சேன் தெனி மடத்தின் தலைவராக இருந்த சுஜே. 1144-ல் அவர் புதுப்பித்த ஆலயத்தின் கிழக்குப் பகுதி, சுவர் மெலிந்து சாளரம் பெருகிய புதிய கட்டட முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பொருளின் ஒளியைக் கண்டு மனம் பொருளற்ற ஒளிக்கு ஏறுகிறது என்பது அவர் கொள்கை. வண்ணம் அவருக்கு ஒரு படிக்கட்டு. ஷார்த்ர் பேராலயத்தின் சாளரங்களில் பெரும்பகுதி 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது. அதன் அடர்நீலம் இன்றளவும் இக்கலைக்கு உரைகல்லாக இருக்கிறது.

அந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு வானம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஷார்த்ர் ஏறத்தாழ 48 பாகை வட அகலாங்கில் உள்ளது. மார்கழியின் நடுப்பகலிலும் அங்கே சூரியன் தொடுவானிலிருந்து 18 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. சாய்ந்து வரும் மெல்லிய ஒளி, பெரும்பாலும் மேகத்தில் வடிகட்டப்பட்டு, செங்குத்தான சாளரத்தில் நேராக விழுகிறது. திருவண்ணாமலை 12 பாகையில் உள்ளது. இங்கே மார்கழி நடுப்பகலிலும் சூரியன் 54 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரல் இறுதி வாரத்தை ஒட்டியும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நேர் உச்சியில் வந்து நிழலை விழுங்கிவிடும். அப்போது வெயில் கூரையில் விழுகிறது, சாளரத்தில் விழுவதில்லை. காலையிலும் மாலையிலும் விழும்போதோ ஷார்த்ர் ஒருநாளும் கண்டிராத வேகத்தோடு விழுகிறது. கடும் ஒளியில் வெளிர்நிறங்கள் தம் எல்லையைத் தாண்டிப் பரவும். நீலம் விரியும், சிவப்பு ஒடுங்கும். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியொலே லெ தூக் இதனை விரிவாக எழுதியிருக்கிறார். எனவே ஒரே கண்ணாடி இரண்டு நாடுகளில் இரண்டு ஓவியங்களாகும்.

*

தமிழகத்துக்கு இக்கலை வந்தது, ஐரோப்பாவில் அது மறுபிறவி எடுத்த காலத்தில். 19-ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணி மீண்டும் எழுந்தபோது மறந்துபோன நுட்பங்கள் தேடிக் கண்டெடுக்கப்பட்டன. மியூனிக் நகரில் 1847-ல் தொடங்கிய மேயர் நிறுவனம் போன்றவை உலகெங்கும் சாளரங்களை அனுப்பின. பேரரசுகளின் கப்பல் வழிகள் எங்கெங்கு சென்றனவோ அங்கெல்லாம் புனிதர்களும் மரப்பெட்டிகளில் சென்றார்கள்.

சென்னைச் சாந்தோம் பேராலயம் இன்றைய கோதிக் வடிவில் 1893-க்கும் 1896-க்கும் இடையே கட்டப்பட்டது. அதன் சாளரத்தில் தோமாவின் கதை ஒளிர்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 1902-ல் தொடங்கி 1907-ல் முடிந்த திரு இருதய ஆலயத்தின் சாளரங்களில் 28 புனிதர்களின் உருவங்கள் உள்ளன. ஆலயத்துக்கு வெளியேயும் இக்கலை பரவியது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தையும் 1878-ல் முடிந்த ராஜாபாய் கோபுரத்தையும் வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் லண்டனிலிருந்தே வரைந்தார். நம் வெயிலைக் காணாத கண் நம் வெயிலுக்குச் சாளரம் வகுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெயிலோடு இன்னொரு சிக்கலும் வந்தது. ஈயத்தில் கோத்த சாளரம் பெரும்பாலும் திறக்காது. நூற்றுக்கணக்கானோர் கூடும் வழிபாட்டில், கோடையில், காற்றில்லாமல் எப்படி இருப்பது? இக்கேள்விக்கு நம் ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும் ஒரு விடை கண்டார்கள். தமிழகத்தின் பல பழைய ஆலயங்களில் வண்ணக் கண்ணாடி சுவரின் மேற்பகுதிக்கு ஏறிவிட்டது. அதன் கீழே பக்கவாட்டுச் சுவர் நெடுகிலும் வாசல்கள். வாசல்களுக்குச் சாய்பலகைக் கதவுகள். மேலே ஒளியதர், கீழே காலதர். கட்டடக்கலை நூல் எதிலும் பாணி என்று பெயர் பெறாத சமரசம் இது. அயல்நாட்டு வரைபடத்தின்மேல் தமிழ்நாட்டு வெக்கை எழுதிய முதல் திருத்தம் என்று இதனைச் சொல்லலாம்.

*

வண்ணக் கண்ணாடியைத் தமிழருக்கு ஐரோப்பியர் அறிமுகப்படுத்தினர் என்று கூறினால் அது பாதி உண்மையே. புதுச்சேரியின் திரு இருதய ஆலயத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழாய்வு செய்தனர். உருகிய கண்ணாடியைக் குழலாக நீட்டி இழுத்து, நறுக்கி, மணிகளாக்கும் தொழில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு நடந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறங்களில் ஆன அம்மணிகளின் வகை தென்கிழக்கு ஆசியாவரை கடல்வழி சென்றது. இந்தோ-பசிபிக் மணிகள் என்று ஆய்வாளர் அவற்றை அழைக்கின்றனர். பழனி அருகே பொருந்தலிலும் கீழடியிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. அரிக்கமேட்டு மணியின் சிவப்பும் பேராலயச் சாளரத்தின் சிவப்பும் ஒரே செம்பிலிருந்து, காற்றைக் குறைத்து எரித்த உலையில் பிறந்தவை. ஒன்று ஒளி புகாத மணியாயிற்று. மற்றது ஒளி புகும் தகடாயிற்று.

நம்மிடம் கண்ணாடி இருந்தும் அது ஏன் சாளரத்தில் ஏறவில்லை? வெப்பம் ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம், நம் கோயில் ஒளியைக் கையாளும் விதம். திருவண்ணாமலைக் கோயிலில் இராஜகோபுரத்திலிருந்து உள்ளே செல்லச் செல்ல வெளிச்சம் படிப்படியாகக் குறைகிறது. திறந்த பிரகாரம், தூண்களின் நிழல் விழும் மண்டபம், பின்னர் அரையிருள், இறுதியில் சாளரமே இல்லாத கருவறை. அங்கே ஒளி வெளியிலிருந்து வருவதில்லை. எண்ணெய் விளக்கும் கற்பூரமும் உள்ளிருந்தே அதனைத் தருகின்றன. கார்த்திகைத் தீபத்தன்று விடியலில் கருவறையில் ஏற்றும் பரணி தீபமும், அந்தியில் மலையுச்சியில் ஏற்றும் மகா தீபமும் இந்தத் திசையைத் தெளிவாக்குகின்றன. ஒளி உள்ளிருந்து வெளியே செல்கிறது. சுஜேயின் ஆலயத்தில் ஒளி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. இரு மரபுகளும் இறையை ஒளி என்றே சொல்கின்றன. ஆனால் ஒளியின் திசையில் வேறுபடுகின்றன. சொல் ஒன்றாக இருப்பதால் இந்த வேறுபாடு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

*

வண்ணத்தைப் பற்றியும் நம்மிடம் ஒரு மாற்றுச் சிந்தனை உண்டு. அது வடலூரில் கட்டடமாகவே நிற்கிறது. வள்ளலார் எண்கோண வடிவில் அமைத்த சத்திய ஞான சபையில் 1872 தைப்பூசத்தன்று முதல் சோதி தரிசனம் நடந்தது. அங்கே சோதியின் முன் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, இறுதியில் எல்லா நிறமும் சேர்ந்த கலப்புத் திரை. ஆன்மாவின் அறிவை மறைத்துநிற்கும் மாயைச் சத்திகளாக அவர் இத்திரைகளைக் கொண்டார். ஒவ்வொன்றாக அவை விலகிய பின்னரே கண்ணாடிக்குள் உள்ள சோதி தெரிகிறது.

சுஜேயையும் வள்ளலாரையும் அருகருகே வைத்தால் விவாதம் கூர்மை பெறுகிறது. ஒருவருக்கு வண்ணம் ஒளியை நோக்கி ஏறும் படி. மற்றவருக்கு வண்ணம் ஒளியை மறைக்கும் திரை. இருவரும் நிறங்களை வரிசைப்படுத்தி ஒளியின்முன் நிறுத்தினார்கள். ஒருவர் அவற்றினூடே பார்க்கச் சொன்னார், மற்றவர் அவற்றை நீக்கிப் பார்க்கச் சொன்னார். தமிழகத்தில் வண்ணக் கண்ணாடியில் பணிபுரியும் கலைஞன் அறிந்தோ அறியாமலோ இவ்விரு கருத்துகளுக்கும் நடுவில் நிற்கிறான்.

வள்ளலாரின் காலத்தை ஒட்டியே வங்காளத்தில் வேறொரு சோதனை நடந்தது. சாந்திநிகேதனத்தில் 1891-ல் திறக்கப்பட்ட உபாசனைக் கூடம் இரும்புச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடிகளைப் பொருத்திக் கட்டியது. தேவேந்திரநாத தாகூரின் பிரம்ம சமாஜ மரபில் உருவ வழிபாடு இல்லை. ஆகவே அங்கே புனிதரும் இல்லை, கதையும் இல்லை. கண்ணாடியும் வெளிச்சமும் மட்டுமே உண்டு. ஐரோப்பிய ஆலயத்திலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு உருவத்தை விட்டுவிட்ட முயற்சி அது.

*

இதற்கு நேர் எதிராக, கிறித்தவம் நம் கோயிலிடமிருந்து இருளைக் கடன் வாங்கிய நிகழ்வும் தமிழகத்தில் உண்டு. குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950-ல் ஜூல் மொன்ஷனேன், ஆன்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவியர் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்று அது அறியப்படுகிறது. பின்னர் அபிஷிக்தானந்தர் என்று பெயர் கொண்ட லெ சோ, பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பிறந்தவர். கோதிக் ஆலயங்களின் நாட்டுக்காரர். 1949-ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைக் கண்டார். 1952 முதல் சில ஆண்டுகள் அருணாசலத்தின் குகைகளில் அவ்வப்போது தங்கித் தவமிருந்தார்.

சாந்திவனத்தின் ஆலயத்தில் மண்டபமும், அதன் உள்ளே இருண்ட சிறு கருவறையும், மேலே சுதைச் சிற்பங்களோடு கூடிய விமானமும் உள்ளன. ஒளியதர்களின் நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒளியதர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இறை வெளியிலிருந்து வீசும் வெளிச்சமன்று, குகைக்குள் காணும் வெளிச்சம் என்ற அனுபவம் அவர்களுடைய கட்டடத்தை மாற்றியது. இந்த முடிவின் துணிவை எவரும் வியக்கவே செய்வர். ஆயினும், தமிழ்க் கிறித்தவ ஆலயம் தமிழ்த்தன்மை பெற வேண்டுமானால் வண்ணக் கண்ணாடியைக் கைவிட வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. அவ்வாறு கட்டினால் நான்கைந்து தலைமுறைகளாகச் சாந்தோமிலும் புதுச்சேரியிலும் அந்த நீலச் சிவப்பு வெளிச்சத்தில் மண்டியிட்டு வளர்ந்த மக்களின் அனுபவம் தமிழ் அனுபவமில்லை என்றாகிவிடும். ஒரு கலை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதன்முன் யாருடைய கண்ணீர் விழுந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை சொல்லாத கலை வரலாறு குறைபட்டதே.

*

ஐரோப்பாவிலும் இக்கலை நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1951-ல் வான்ஸ் நகரின் சிற்றாலயத்துக்கு மத்தீஸ் அமைத்த சாளரங்களில் மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களே உள்ளன. அவருக்குச் சாளரத்தைவிட, வெண்ணிறத் தளத்திலும் சுவரிலும் அது தீட்டும் வெளிச்சமே ஓவியம். 1955-ல் ரோன்ஷானில் லெ கொர்பூசியே கட்டிய ஆலயத்தின் தடித்த தெற்குச் சுவரில் வெவ்வேறு அளவில் ஆழமான குழிகள் வெட்டப்பட்டு, அவற்றில் சிறிய கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. வெயிலின் கூர்மையைச் சுவரின் தடிமன் முதலில் வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தையே கண்ணாடி வாங்குகிறது. நம் போன்ற வெயில் நாடுகளுக்கு ஈயச் சாளரத்தைவிட இதில் கற்க வேண்டியது மிகுதி. 2007-ல் கொலோன் பேராலயத்துக்கு கெர்ஹார்ட் ரிக்டர் 72 நிறங்களில் 11,263 கண்ணாடிச் சதுரங்களை உருவமின்றி அடுக்கினார். இது மசூதிக்குப் பொருந்தும், நம் ஆலயத்துக்குப் பொருந்தாது என்று அந்நகரக் கர்தினால் குறைகூறினார். சாந்திநிகேதனம் 1891-லேயே தீர்த்துக்கொண்ட கேள்வி அது.

வாதம் இன்றும் ஓயவில்லை. 2019-ல் தீப்பற்றிய பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் ஆறு சிற்றாலயங்களுக்குப் புதிய சாளரங்கள் அமைக்க 2024 டிசம்பரில் கிளேர் தபுரே என்ற ஓவியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கு இருந்தவை தீயில் அழிந்தவையல்ல. வியொலே லெ தூக் 19-ஆம் நூற்றாண்டில் அமைத்தவை. அவற்றை அகற்றலாகாது என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். புதுமை வேண்டும் என்போரும் பழமை காக்க வேண்டும் என்போரும் எதிரெதிரே நின்றாலும், சாளரம் ஒரு கலைப்படைப்பு, அதனைச் செய்தவருக்குப் பெயர் உண்டு என்பதில் இருதரப்பும் ஒன்றுபடுகின்றன. நமக்கு இல்லாதது அந்த ஒப்புதல்தான்.

*

இந்தியாவில் இக்கேள்விக்கு மிக எளிய விடையொன்றைத் தந்தவர், கண்ணாடிக் கலைஞர் என்று எவரும் சொல்லாத ஒரு கட்டடக் கலைஞர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர், செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிச் சுவரையே பலகணியாக்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1970-களின் தொடக்கத்தில் அவர் கட்டிய லொயோலா சிற்றாலயத்தின் உயர்ந்த சுவர்கள் அத்தகையவை. காற்றும் வெளிச்சமும் ஒரே துளை வழியாக நுழைகின்றன. தாம் கட்டிய வேறு சில கட்டடங்களில் பயன்படுத்தி எறிந்த வண்ணப் புட்டிகளைச் சுவரில் பதித்தார். ஈயமும் உலையும் புனிதர் உருவமும் இல்லாமல் பச்சையும் பழுப்புமாய் வெளிச்சம் தரையில் விழுந்தது. காலதரையும் ஒளியதரையும் ஒரே சுவரில் வைக்க முடியும் என்பதைக் குறைந்த செலவில் அவர் காட்டிவிட்டார்.

உண்மையில் இக்கனவு நமக்கு முன்பே இருந்தது. கோவலனும் கண்ணகியும் வாழ்ந்த மாடத்தைச் சொல்லும் இடத்தில் இளங்கோவடிகள், மணிகள் நிரைத்து அழகுபட வகுத்த சாளரம் ஒன்றைக் காட்டுகிறார். அதன் குறுகிய கண்கள் வழியே வண்டுகளோடு தென்றல் நுழைகிறது. மணியும் காற்றும் சேர்ந்த சாளரம். அரிக்கமேட்டில் மணி செய்த கடற்கரையின் தென்பகுதியில்தான் புகார் இருக்கிறது. காப்பியக் கற்பனை என்று இதனை ஒதுக்கினாலும், தமிழ் மனம் சாளரத்திடம் எதை எதிர்பார்த்தது என்பதற்கு அது சான்று. மணியின் ஒளிக்காக அது காற்றை விட்டுக்கொடுக்கவில்லை.

*

இன்றைய நிலை என்ன? புதிதாக எழும் பல ஆலயங்களில் கண்ணாடியின் இடத்தை ஸ்டிக்கர் பிடித்துவிட்டது. கணினியில் கிடைக்கும் ஐரோப்பியச் சாளரப் படத்தை நெகிழித் தாளில் அச்சிட்டு, அலுமினியச் சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறார்கள். ஈயக் கோடுகளும் அச்சிலேயே வந்துவிடுகின்றன. எதையும் தாங்காத எலும்புகள். செலவு குறைவு என்பதை மறுக்க முடியாது. சிற்றூர்ச் சபைகளின் வறுமையை அறிந்தவர்கள் அவர்களைப் பழிக்கமாட்டார்கள். ஆனால் கண்ணாடியின் நிறம் அதன் உடம்பிலேயே உள்ளது. எண்ணூறு ஆண்டானாலும் வெயிலில் வெளுப்பதில்லை. ஸ்டிக்கரின் நிறம் மேற்பூச்சு. தமிழ்நாட்டு வெயிலில் சில ஆண்டுகளுக்குள் வெளிறி உரியத் தொடங்கும். அதே செலவில் பேக்கரின் வழி திறந்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வார் இல்லை.

பழைய சாளரங்களின் நிலையும் கவலைக்குரியது. கண்ணாடி நிலைத்து நிற்கும். அதைப் பிடித்திருக்கும் ஈயம் நில்லாது. பகல் வெப்பத்தில் விரிந்து இரவில் சுருங்கி, தன் எடையால் தானே தொய்ந்து, ஏறத்தாழ நூறாண்டுகளில் அது களைத்துவிடும் என்பது இத்தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. துண்டுகளின் இடுக்கில் இட்ட பட்டி உதிரும். தாங்கும் இரும்புக் கம்பிகளைக் கடற்கரையின் உப்புக்காற்று அரிக்கும். தமிழகத்தின் முக்கியமான சாளரங்கள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்தவை என்பதை எண்ணிப் பார்த்தால், அவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அந்த எல்லையைக் கடந்திருப்பது தெரியும். அவற்றைப் பிரித்து, எண்ணிட்டு, புதிய ஈயத்தில் மீண்டும் கோக்கத் தெரிந்தவர்கள் நாட்டிலேயே மிகச் சிலர். மும்பையில் ராஜாபாய் கோபுரமும் நூலகமும் 2013-க்கும் 2015-க்கும் இடையே புதுப்பிக்கப்பட்டபோது ஸ்வாதி சந்த்காட்கர் என்ற கலைஞரின் வழிகாட்டுதலில் அதன் சாளரங்கள் சீரமைக்கப்பட்டன. அத்தகைய பட்டறைப் பயிற்சி நம் ஓவியக் கல்லூரிகளில் வேரூன்ற வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய பணி எளியது. நம்மைப் போன்ற எழுத்துக்காரர்களாலும் செய்யக்கூடியது. கல்வெட்டுகளைப் படியெடுத்தோம், ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தோம். ஆனால் நம் ஊர் ஆலயச் சாளரங்களில் எந்தெந்தப் புனிதர்கள் இருக்கிறார்கள், யார் நினைவாக யார் கொடுத்தது, கீழ்மூலையில் எந்தப் பட்டறையின் பெயர் எழுதியிருக்கிறது, உடைந்த துண்டை உள்ளூரில் எந்தக் கண்ணாடிக்கடைக்காரர் எந்த ஆண்டில் மாற்றினார் என்பவற்றை எழுதிவைத்தோமா? மியூனிக்கின் பெயராவது சாளரத்தின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடும். ஏணி வைத்து ஏறி உடைந்த புனிதரின் நீல மேலாடைக்குக் கடையில் கிடைத்த நீலத்தை வெட்டிப் பொருத்திய தமிழ்த் தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. அந்தச் சற்றே பொருந்தாத நீலத்தில்தான் இக்கலையின் தமிழ் வரலாறு தொடங்குகிறது.

இனி இங்கே வண்ணக் கண்ணாடியில் பணிபுரிய வருபவர் ஷார்த்ரின் நீலத்தையும் வடலூரின் திரைகளையும் பேக்கரின் புட்டிகளையும் ஒருசேர அறிந்திருந்தால், அவர் செய்யும் சாளரம் மியூனிக் பெட்டியிலிருந்து இறங்கியதாக இராது. அதன்முன் மண்டியிடும் முதியவளின் முகத்தில் சிவப்பும் நீலமும் விழும். கூடவே கொஞ்சம் காற்றும் வரும்.